புரோக்கருக்கு எதுக்குங்க காசு?

போன வாரம் பழைய நண்பர் ஒருத்தர், நம்மளை மாதிரியே இன்னும் பிளாக்கைக் கட்டிக்கிட்டு அழுவுற கேஸ், நிலம் வாங்கின அனுபவத்தைப் பதிவாப் போட்டிருந்தார். நல்ல பதிவு. பட்டா, சிட்டா, வில்லங்கம் எல்லாம் சின்னப் புள்ளைக்குப் புரியற மாதிரி விளக்கியிருந்தார். கடைசியில மட்டும் இப்படி முடிச்சிருந்தார்: "புரோக்கர் பக்கமே போயிடாதீங்க. ரெண்டு தடவை வண்டியில கூட்டிட்டுப் போனதுக்கு ரெண்டு பர்சென்ட் கேக்குற கூட்டம் அது."

கீழ பதினாலு பின்னூட்டம். பதினாலும் "ரிப்பீட்டேய்", "கரெக்டா சொன்னீங்க தல" வகையறா.

பதினஞ்சாவதா நான் ஒண்ணு எழுத ஆரம்பிச்சேன். அது பெட்டிக்குள்ள அடங்காம நீண்டு போச்சு. அதான் தனிப் பதிவு. நண்பர் கோவிச்சுக்க மாட்டார்னு நம்புறேன். கோவிச்சுக்கிட்டாலும் இன்னிக்கு எழுதித்தான் தீரணும். :-)

முதல்ல ஒரு உண்மையைச் சொல்லிடறேன். நான் புரோக்கர். நிலம், வீடு, எஸ்டேட், குத்தகை எல்லாம் பார்த்துக் குடுக்குறவன். இத்தனை வருசமா இந்தப் பக்கத்துல ராஜா பாட்டு, காப்பிப் பூ, காட்டெருமை ஃபோட்டோ, நாலு வரிக் கவிதை(!) எல்லாம் போட்டு உங்களைக் கொடுமைப்படுத்தியிருக்கேன். தொழிலைப் பத்தி ஒரு வரி எழுதினதில்ல. காரணம் வெக்கம்தான், வேற ஒண்ணும் இல்ல. புரொஃபைல்ல 'சுயதொழில்'. பொண்ணோட ஸ்கூல் ஃபார்ம்ல தகப்பனார் தொழில்னு கேட்ட இடத்துல 'விவசாயம்'. வீட்டுக்குப் பின்னாடி இருக்குற முப்பது காப்பிச் செடியை நம்பி எழுதினது. அவளே ஒரு நாள் கேட்டா, "ஏம்பா, நாம எப்போ விவசாயம் பண்ணினோம்?" ஙேன்னு முழிச்சேன்.

ஊர் மஞ்சக்குட்டை. சேர்வராயன் மலையில, ஏற்காடு ஒன்றியத்துல ஒரு பஞ்சாயத்து. ஏரியில படகு விட்டு, லேடீஸ் சீட்ல நின்னு ஃபோட்டோ எடுத்துட்டு இறங்கிப் போறவங்களுக்கு ஏற்காடு போதும். "கொஞ்சம் ஒதுக்குப்புறமா, விலை கம்மியா, வியூ இருக்குற மாதிரி" வேணும்னு கேக்குறவங்க எங்க பக்கம் வருவாங்க.

சரி, மேட்டருக்கு வருவோம். 'ரெண்டு தடவை வண்டியில கூட்டிட்டுப் போறது' எப்படி நடக்குதுன்னு பாருங்க.

சனிக்கிழமை ராத்திரி ஃபோன் வரும். "அண்ணா, நாளைக்கு ஃபேமிலியோட வர்றோம், நாலஞ்சு இடம் காட்டுங்க." அடிவாரத்துலேர்ந்து 20 கொண்டை ஊசி வளைவு ஏறி, ரெண்டு புள்ளைங்க வாந்தி எடுத்து, பதினோரு மணிக்கு வந்து சேருவாங்க. அவங்க முகம் கழுவ இடம் காட்டுறதுலேர்ந்து என் வேலை ஆரம்பம். நாலு இடம் பார்ப்பாங்க. நாலுலயும் செல்ஃபி. மத்தியானம் நல்ல பிரியாணி எங்க கிடைக்கும், மிளகு எங்க சுத்தமா வாங்கலாம், ரூம் கொஞ்சம் குறைச்சுத் தருவாங்களா... எல்லாத்துக்கும் நான்தான். சாயங்காலம் "வீட்டுல பேசிட்டுச் சொல்றோம்ணா"ன்னு வண்டி இறங்கிடும். ராத்திரி வாட்சப் ஸ்டேட்டஸ்ல பார்த்தா நான் காட்டின இடத்துல நின்னு 'ஏற்காட்டில் ஒரு இனிய ஞாயிறு'. சுற்றுலா வழிகாட்டின்னு போர்டு மாட்டியிருந்தாலாவது சாப்பாட்டுக்குக் காசு தேறியிருக்கும்.

அவங்க பார்க்குறது அந்த ஒரு நாள்தான். அதுக்கு முந்தின வேலையை யாரும் பார்க்குறதில்ல. ஓனர் பெங்களூர்ல, தங்கச்சி துபாய்ல, பட்டா இன்னும் தாத்தா பேர்ல. வாரிசுச் சான்று வாங்கினாங்களான்னு கேக்கணும். அ-பதிவேட்டுல அந்த சர்வே நம்பருக்கு நேரா என்ன எழுதியிருக்குன்னு பார்க்கணும். அரிவாளோட காப்பிக்குள்ள நுழைஞ்சு கல்லைத் தேடணும். பக்கத்துல காப்புக்காடு இருந்தா அதோட எல்லைக் கல் எங்க நிக்குதுன்னு பார்க்கணும். தண்ணி எந்த ஊத்துலேர்ந்து வருது, அந்த பைப் யார் நிலத்து வழியா வருது, வண்டிப்பாதை பத்திரத்துல இருக்கா இல்ல பழக்கத்துல மட்டும் இருக்கா, பக்கத்து எஸ்டேட்காரர் தகராறு புடிச்சவரா. இவ்வளவும் நடந்து நடந்து தெரிஞ்சுக்கிட்டது.

"அதான் எல்லாம் நெட்ல வந்தாச்சே"ன்னு ஒரு கேள்வி வரும். வந்திருக்கு, சந்தோசம். வில்லங்கத்தை வீட்டுல உக்காந்து காசு கட்டாமப் பார்க்கலாம், பட்டாவையும் பார்க்கலாம். ஆனா வில்லங்கத்துல பதிவான பத்திரம் மட்டும்தான் வரும். அண்ணன் தம்பி வாயால பேசிப் பிரிச்சுக்கிட்டது வராது. பதியாத கிரய ஒப்பந்தம் வராது. போன மழையில சரிஞ்ச மண் வராது. வக்கீல் பார்ப்பார்தான். அவர் மேசைக்கு வர்ற காகிதத்தைத்தான் அவர் பார்க்க முடியும்.

இப்போ கணக்கு. என் டைரியிலேர்ந்து போன வருசக் கணக்கு. என் ஒருத்தன் கணக்குதான், எல்லா புரோக்கருக்கும் இதுதான்னு சொல்ல வரல.

இடம் காட்டின பார்ட்டி 61. முடிஞ்சது 3. முதல் பார்ட்டி 45 லட்சத்துக்கு வாங்கினார், பேசின 2 சதம், 90,000 முழுசாக் குடுத்தார். புண்ணியவான். ரெண்டாவது 60 லட்சம். பேசினது 1,20,000. பதிவு முடிஞ்சதும் "இவ்வளவு எல்லாம் அதிகம்ணா"ன்னு 60,000 கையில வெச்சு அழுத்தினாங்க. மூணாவது பார்ட்டி என்னை விட்டுட்டு ஓனர் நம்பரை எப்படியோ புடிச்சு நேரா முடிச்சுக்கிட்டாங்க. எனக்கு அது தெரிஞ்சதே கிரகப்பிரவேசப் பத்திரிகையை வேற ஒருத்தர் வீட்டுல பார்த்தப்போதான். வீட்டு வாடகை, காப்பித்தோட்டக் குத்தகைன்னு சில்லறையா 35,000. ஆக மொத்தம் 1,85,000. பெட்ரோல், ஃபோன், நகல் செலவு 50,000 போச்சு. மாசத்துக்குப் பிரிச்சா 11,250 ரூபாய்.

கொள்ளை அடிக்கிற கூட்டத்துல ஒருத்தனோட மாச வருமானம் இது.

நிலம் வாங்குறவர் தமிழ்நாட்டுல முத்திரைத் தீர்வை 7 சதம், பதிவுக் கட்டணம் 2 சதம், ஆக 9 சதம் அரசாங்கத்துக்குக் கட்டுறார். கவுன்ட்டர்ல நின்னு "சார் கொஞ்சம் பார்த்துப் போடுங்க"ன்னு யாரும் பேரம் பேசுறதில்ல. எல்லா பேரமும் எங்கிட்டதான்.

இந்தத் தொழில் 2016-க்கு அப்புறம் எப்படி ஆச்சுன்னும் சொல்லணும். அந்த வருசம் செப்டம்பர் 9-ஆம் தேதி அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதியக்கூடாதுன்னு சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டுது. தப்பு சொல்ல மாட்டேன். ஏரியும் வயலும் பிளாட்டா மாறினதை நாமளே பார்த்தோம். நவம்பர் 8-ஆம் தேதி 500, 1000 செல்லாதுன்னு ஆச்சு. ரெண்டு மாசத்துல ரெண்டு அடி. 2017 ஜூன்ல வழிகாட்டி மதிப்பை 33 சதம் குறைச்சாங்க, கூடவே பதிவுக் கட்டணத்தை 1-லேர்ந்து 4 சதமா ஏத்தினாங்க (2023-லதான் 2 ஆச்சு). 2020 மார்ச்ல ஊரடங்கு. வெளியாளே மலை ஏற முடியாத மாசங்கள்ல நான் என் சொந்த முப்பது செடிக்குக் களை எடுத்துக்கிட்டிருந்தேன். பொண்ணு ஃபார்ம்ல எழுதின பொய் அந்த வருசம் மட்டும் உண்மையாச்சு.

எங்க மலைக்குன்னு தனி விவகாரம் வேற இருக்கு. ஏற்காடு தாலுக்கா கிராமங்கள் 1990-லேர்ந்து மலைப்பகுதிப் பாதுகாப்பு ஆணையத்தோட பட்டியல்ல இருக்கு. 'ஹாக்கா'ன்னு சொல்லுவோம். கீழ சேலத்துல மனை பிரிக்கிற மாதிரி இங்க பிரிச்சுட முடியாது. வனத்துறை, கனிமத்துறை, வேளாண் பொறியியல்னு பல ஆபீஸ்ல கருத்து கேப்பாங்க. "ரெண்டு காட்டேஜ் போட்டு வாடகைக்கு விடலாம்"னு கனவோட வர்றவர்கிட்ட முதல் பேச்சே இதைப் பத்திதான் பேசணும். பேசினா பாதிப் பேர் அப்படியே வண்டியைத் திருப்பிடுவாங்க.

இங்கதான் நான் சொல்ல வந்த விசயம் இருக்கு. 'வாங்குங்க'ன்னு சொல்லி நீங்க வாங்கினா எனக்குக் காசு. 'வாங்காதீங்க'ன்னு சொன்னா, அது எவ்வளவு பெரிய உண்மையா இருந்தாலும், எனக்கு ஒரு பைசா கிடையாது. டாக்டர் "உங்களுக்கு ஒண்ணும் இல்ல, போயிட்டு வாங்க"ன்னு சொன்னாலும் ஃபீஸ் உண்டு. வக்கீல் "இந்தப் பத்திரம் சரியில்ல"ன்னு எழுதிக் குடுத்தாலும் ஃபீஸ் உண்டு. புரோக்கருக்கு மட்டும் பொய்க்குத்தான் கூலி, உண்மைக்குக் கிடையாது. இப்படி ஒரு ஏற்பாட்டை வெச்சுக்கிட்டு, "புரோக்கருங்க பொய் சொல்றாங்க"ன்னு பதினாலு பேர் ரிப்பீட்டேய் போடறீங்களே மக்கா, நியாயமா?

அந்தக் கூலியை நானும் ஒரு தடவை வாங்கியிருக்கேன். 2014. ஒரு ரிட்டயர்டு வாத்தியார், சேமிப்பு பூராத்தையும் போட்டு முக்கால் ஏக்கர் வாங்கினார். வண்டிப்பாதை பத்திரத்துல இல்ல, பக்கத்து தோட்டக்காரரோட தயவுல ஓடுதுன்னு எனக்குத் தெரியும். அவர் கேக்கல. நான் சொல்லல. பொண்ணுக்கு அந்த வாரம் ஸ்கூல் ஃபீஸ் கட்டணும். கமிஷன் 40,000 வந்துது. அடுத்த வருசமே பக்கத்துத் தோட்டம் கைமாறிச்சு, புது ஆள் கேட் போட்டுட்டார். வாத்தியார் இன்னிக்கும் தன்னோட நிலத்துக்கு நடந்துதான் போறார். என்னைப் பார்த்தா "நல்லாருக்கீங்களா தம்பி"ன்னு கேட்டுட்டுத்தான் போவார். திட்டியிருந்தா தேவலை.

அதுக்கப்புறம் கேட்டாலும் கேக்காட்டியும் சொல்லிடறதுன்னு வெச்சிருக்கேன். அதோட பலனையும் கேளுங்க.

மூணு வருசம் முன்னாடி. எங்க மலை மலையாளிப் பெரியவர் ஒருத்தர். (கேரளாக்காரர் இல்லங்க. சேர்வராயன் மலையோட பழங்குடி. பட்டியல் பழங்குடியினர். எங்க ஏற்காடு சட்டமன்றத் தொகுதியே பழங்குடியினருக்கான தனித் தொகுதி.) ரெண்டு ஏக்கர் விக்கணும்னு வந்தார். மகனுக்கு வைத்தியச் செலவு. ஈரோட்டுப் பக்கத்துலேர்ந்து ஒரு பார்ட்டி, 30 லட்சம் பேசி முடிவாச்சு. காகிதத்தை வாங்கிப் பார்த்தா அது நிபந்தனைப் பட்டா. அரசாங்கம் ஒப்படைச்ச நிலம். நிபந்தனையை மீறி வித்தா ஒப்படையை ரத்து பண்ணி அரசாங்கம் திரும்ப எடுத்துக்கலாம். வாங்குறவருக்குக் காசு போச்சு, விக்கிறவர் குடும்பத்துக்கு நிலம் போச்சு.

பார்ட்டிகிட்ட சொன்னேன். "நல்ல வேளை சொன்னீங்கணா, உங்களை மறக்க மாட்டேன்"ன்னு கையைப் புடிச்சுக்கிட்டார். 30 லட்சம் தப்பிச்ச மனுசன், ஒரு டீக்குக் கூடக் காசு குடுக்காம வண்டி ஏறிட்டார். எனக்கு வரவேண்டியிருந்த 60,000 அங்கயே முடிஞ்சுது.

பெரியவர் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். "அனுமதி கேட்டு மனு போடலாங்க பெரியவரே, நான் எழுதித் தர்றேன்." அவர் கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், "நீ வாயை மூடியிருந்தா பையனை ஆஸ்பத்திரியில சேர்த்திருப்பேன் தம்பி"ன்னார். எனக்கு பதில் இல்ல. இன்னிக்கும் இல்ல.

ரெண்டு மாசம் கழிச்சு வேற ஒரு புரோக்கர், வேற ஒரு பார்ட்டி. பதியாத அக்ரிமெண்ட், கையில கொஞ்சம் முன்பணம், மிச்சம் 'அனுமதி வந்ததும்'. அந்தப் பையன் பொழைச்சுட்டான், அதுவரைக்கும் சந்தோசம். பெரியவர் இப்போ அதே ரெண்டு ஏக்கர்ல தினக்கூலிக்குத் தண்ணி விடுறார். அந்த இன்னொரு புரோக்கரை நான் திட்டப் போறதில்ல. அவனுக்கும் 2014-ல எனக்கு வந்த மாதிரி ஒரு வாரம் வந்திருக்கும்.

புரிஞ்சுதா? புரோக்கர் பொழைப்பு நாறினா புரோக்கரோட போறதில்ல. வாத்தியார் பாதைக்கும், பெரியவர் மண்ணுக்கும் சேர்த்துத்தான் அது.

"சட்டம் இல்லையா?"ன்னு கேப்பீங்க. இருக்கு. 2016-ல வந்த ரியல் எஸ்டேட் சட்டம், 'ரெரா', ஏஜெண்ட் பதிவு பண்ணிக்கணும், பொய்யான தகவல் சொல்லக்கூடாது, கணக்கு வெச்சுக்கணும்னு சொல்லுது. பதிவில்லாம வியாபாரம் பண்ணினா நாளுக்கு 10,000 ரூபாய் அபராதம், அது சொத்து விலையில 5 சதம் வரைக்கும் போகலாம். நல்ல விசயம். ஆனா அது பதிவு பண்ணின திட்டங்கள்ல மனையோ ஃபிளாட்டோ விக்கிற ஏஜெண்டுக்கு. தாத்தா காலத்துக் காப்பித் தோட்டத்தைக் கைமாத்தி விடற என்னை மாதிரி ஆள் அந்தக் கணக்குல வர்றதில்ல. என் கூலி எவ்வளவுன்னும் அது சொல்லல. 1872-ல வெள்ளைக்காரன் போட்ட ஒப்பந்தச் சட்டம்தான் இன்னிக்கும் எனக்கு. அதுல 219-ஆம் பிரிவு: தனியா ஒப்பந்தம் இல்லேன்னா, வேலை முடியற வரைக்கும் ஏஜெண்டுக்குக் கூலி பாக்கி ஆகாது. அதாவது பேசி எழுதி வாங்கிக்கோன்னு 150 வருசமா அந்தப் பிரிவு சொல்லிக்கிட்டிருக்கு. நாமதான் எல்லாத்தையும் வாயாலயே முடிக்கிறோம்.

அமெரிக்காவுலயும் இந்தக் கமிஷன் சண்டை நடந்துது. வீடு வித்தவங்க தேசிய ரியல்டர்கள் சங்கத்து மேல வழக்குப் போட்டு, 2024 மார்ச்ல சங்கம் 41.8 கோடி டாலர் தர்றதா சமரசத்துக்கு வந்துது. அந்த வருசம் ஆகஸ்ட் 17-லேர்ந்து, சங்கத்தோட முறையில வேலை பார்க்குற ஏஜெண்டு, வாங்குறவருக்கு வீட்டைக் காட்டுறதுக்கு முன்னாடியே, கூலி எவ்வளவுன்னு எழுத்துல ஒப்பந்தம் போட்டாகணும். கவனிங்க, வாங்குறவங்க கதவைத் திறந்து உள்ள போறதுக்கு முன்னாடி. அங்க அது ஏஜெண்டுகளோட ஆட்டத்தை அடக்க வந்த ஏற்பாடு. ஆனா எங்களை மாதிரி ஆளுங்களுக்கும் அதுதான் பாதுகாப்பு.

அதனால நான் கேக்குறது மூணே மூணு.

ஒண்ணு, இடம் பார்க்குறதுக்கு முன்னாடி ஒரு தாள்ல எழுதிக்குவோம். முடிஞ்சா இத்தனை சதம், யார் குடுக்குறது, எப்போ குடுக்குறது. ரெண்டு பேரும் கையெழுத்து.

ரெண்டு, இடம் காட்ட 500 ரூபாய், காகிதம் பார்த்துச் சொல்ல 3,000. வியாபாரம் முடிஞ்சா கமிஷன்ல கழிச்சுக்கலாம்.

மூணு, பதிலுக்கு நான் அந்த இடத்தோட குறையை எல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர்றேன். பாதை, தண்ணி, பட்டா, நிபந்தனை, ஹாக்கா. தெரிஞ்சே மறைச்சேன்னா வாங்கின காசைத் திருப்பிக் குடுக்குறேன். அந்தத் தாளை வெச்சு என் மேல கேஸும் போடுங்க.

"500 ரூபாய்க்காக கண்ட இடத்தையும் காட்டுவானே?"ன்னு ஒருத்தர் கேட்டார். காட்டுவான், சில பேர் காட்டுவான். உங்களுக்கு நஷ்டம் 500-ம் ஒரு ஞாயித்துக்கிழமையும். ஓசியில காட்டுறவன்கிட்ட ஏமாந்தா நஷ்டம் 30 லட்சம். எது லாபம்னு நீங்களே போட்டுப் பாருங்க.

"பணக்காரனுக்குச் சரி, நடுத்தரக் குடும்பம் என்ன பண்ணும்?" மூணு தலைமுறைச் சேமிப்பைக் கொண்டு வந்து போடுறதே நடுத்தரக் குடும்பம்தான். 'வேண்டாம்'னு சொல்ற ஆள் அவங்களுக்குத்தான் முதல்ல வேணும்.

நண்பருக்கு ஒண்ணு. உங்களுக்கு வாய்ச்ச புரோக்கர் மோசமானவரா இருக்கலாம், மறுக்கல. இந்தத் தொழில்ல அப்படி ஆளுங்க நிறைய. ஆனா உங்க பதிவுலயே நாலாவது பத்தியில, "ஒரு இடம் ஓடைப் புறம்போக்குன்னு தெரிஞ்சு விட்டுட்டோம்"னு எழுதியிருக்கீங்க. அதை உங்களுக்குச் சொன்னது யாருங்க? அவருக்கு என்ன குடுத்தீங்க?

நாளைக்கு ஞாயித்துக்கிழமை. கோயமுத்தூர்லேர்ந்து ஒரு குடும்பம் வருது. 500 ரூபாய் மேட்டரை ஃபோன்லயே சொல்லிட்டேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம் "சரிங்க, வர்றோம்"னாங்க. வருவாங்களான்னு தெரியாது. பொண்ணு கடையில போய் ரசீது புக் வாங்கிட்டு வந்திருக்கா. மேல பேர் எழுதி, கீழ 'நிலத் தரகர்'னு அவளே கொட்டை எழுத்துல எழுதிட்டா. இந்த வருசம் ஸ்கூல் ஃபார்ம்லயும் அதையே எழுதச் சொல்றா. எழுதலாம்னு இருக்கேன்.

டிஸ்கி 1: மஞ்சக்குட்டையில இடம் வேணும்னு பின்னூட்டத்துல கேக்காதீங்க. இது விளம்பரப் பதிவு இல்ல. கேட்டாலும் 500 ரூபாய். ;-)

டிஸ்கி 2: திட்டணும்னு நினைக்கிறவங்க தாராளமாத் திட்டலாம். அதுக்கு மட்டும் இலவசம்.